வெற்றெடை

ஆலை வாசலில் எடைப்பாலம் என் பொறுப்பு.
செம்பனைக் குலையோடு லோரி வந்து ஏறி நிற்கும்,
எண்ணைக் குறித்துக்கொள்வேன்.
கொட்டிவிட்டு வெறுமனே திரும்பி வரும், மறுபடி ஏறும்.
முன்னதில் பின்னதைக் கழித்தால்
மீதி தோட்டக்காரன் காசு.
பதினேழு வருசத்தில் ஒரு சீட்டிலும் பொய் எழுதியதில்லை.

போன மாதம் கிளினிக்கில் ஒரு தாள் தந்தார்கள்.
வாரத்துக்கு எத்தனை என்று அதில் ஒரு கேள்வி.
இரண்டு என்று எழுதினேன்.
பேனா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை,
பிறகு அதுதான் உறுத்தியது.

திங்கள் என்றால் பஸ் நிலையத்துக்கு எதிரே ஆ கியோங் கடை.
செவ்வாய், மூடிப்போன சினிமாக் கொட்டகைப் பக்கம்.
புதன், பெட்ரோல் நிலையம் தாண்டி, ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
விலை விசாரிப்பதாகச் சொல்லிக்கொண்டேன்.
இந்தப் பட்டணத்தில் மொத்தமே நாலு கடை,
நாலிலும் ஒரே விலை.

மோட்டார் கூடையில் போத்தல்கள் உரசிக்கொள்ளாதிருக்க
இடையே பேப்பர் திணிக்கப் பழகியது எப்போது?
கை தானாகக் கற்றுக்கொண்டது.
அதே கைதான் காலை ஒன்பதரைக்கு
எட்டை ஆறு மாதிரி எழுதுகிறது.
"அண்ணே, இது எட்டா ஆறா?"
லோரியிலிருந்து குனிந்து கேட்டான் பன்னீர்.
விசிறிக் காத்துப்பா, பேப்பர் ஆடுது, என்றேன்.
அன்றைக்குக் கரண்ட் இல்லை.
அவன் மேலே பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.
அதிலிருந்து சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான்
கியர் போடுகிறான்.

குடித்துவிட்டு வீட்டில் கை ஓங்கியதில்லை.
இதைச் சொல்லிக்காட்ட எனக்குப் பிடிக்கும்.
மூன்றாவது லயத்துச் சின்னையனைப் பாருங்கள்,
சம்சு போத்தலோடு கால்வாயில் கிடக்கிறான்,
குடி என்றால் அது.
நான் சம்பளத்தை அப்படியே சரளாவிடம் கொடுக்கிறேன்,
கேஸ் தோங் மாற்றுகிறேன்,
மகளை டியூஷனில் விட்டுக் கூட்டிவருகிறேன்.
சின்னையன் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்தான்!
தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அவன் செத்துப்போனான்.
ஒப்பிட்டுக்கொள்ள வேறு ஆள் தேடினேன்.

வீட்டுக் கேட்டின் கொக்கி கொஞ்சம் இறுக்கம்.
மகள் கோகிலவாணி, பதினொரு வயது,
கூடத்தில் தோழியோடு வீட்டுப்பாடம்.
நான் அடுப்படிக்குப் பின்னால்
குழாயைத் திறந்தபடி நின்றிருந்தேன்.
"கொக்கி ஒரே தடவையில விழுந்தா
அப்பாகிட்ட கையெழுத்து கேக்கலாம்.
மூணு தடவை இடிச்சா நாளைக்கு."
பஸ் நேரம் சொல்லும் குரலில் சொன்னாள்.
அந்தப் பிள்ளையும் சரி என்று
கணக்கைத் தொடர்ந்தது.

மறுநாள் மழை. குலை வெட்டு இல்லை.
யாருமில்லாத பாலத்தில் ஏறி நின்றேன்.
வெளியே தொங்கும் பெட்டியில் சிவப்பாய் எண்பது.
மைலோ ஃபிளாஸ்க்கை எடுத்துவந்து நின்றேன். எண்பது.
அதில் மைலோ இல்லை, உங்களுக்கே தெரியும்.
தரையில் கவிழ்த்துவிட்டு வந்து நின்றேன்.
அப்போதும் எண்பது.
இருபது கிலோவுக்குக் கீழே
இந்தப் பாலம் எதையும் பொருட்படுத்தாது.

வெற்றுச் சீட்டு ஒன்றின் பின்புறம்
கடைசி வாரத்தை எழுதிப் பார்த்தேன்.
திங்கள் மூன்று. இல்லை, நான்கு.
செவ்வாய் நான்கு.
புதன், வீட்டில் மூன்று, ஆலையில் ஃபிளாஸ்க்கைச் சேர்க்கவில்லை,
சேர்த்தேன்.
வியாழனுக்கு வந்து பேனா நின்றது.
எத்தனை என்பது இருக்கட்டும்,
வியாழக்கிழமையே எனக்கு ஞாபகமில்லை.
மோட்டார் எப்படியோ வீடு வந்திருக்கிறது.
கொக்கி எத்தனை தடவை இடித்ததென்று
கேட்டால் சொல்ல ஒருத்தி இருக்கிறாள்.

மழைக்குள்ளிருந்து பன்னீர் ஹாரன் அடித்தான்,
நேற்றைய மிச்சக் குலையோடு.
சீட்டைக் கிளினிக் அட்டைக்குள் மடித்து வைத்தேன்.
"ஏண்ணே நனையிறீங்க?"
பாலத்திலிருந்து இறங்கினேன்.
எண் சுழியத்துக்கு வர
வழக்கம்போல
கொஞ்ச நேரம் பிடித்தது.